துப்பறியும் கதைக்கு ஐந்தொகை போடுவது எப்படி

காரைக்குடியிலிருந்து நீங்கள் கேட்டது இது: "மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு வளவில் கூடிப் பழைய பாணித் துப்பறியும் நாவல்கள் வாசிக்கலாம் என்றிருக்கிறோம். இதுவரை தனியாக வாசித்ததில் கொலையாளி யார் என்று ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. கடைசி அத்தியாயம் வந்ததும் ஏமாந்துபோன மாதிரி இருக்கிறது. எப்படி வாசித்தால் ருசிக்கும், எதிலிருந்து தொடங்குவது, கூட்டத்தை எப்படி நடத்துவது?"

ஏமாந்த உணர்வு வருவது ஊகிக்க முயல்வதால். பத்துப் பாத்திரங்களில் ஒருவரைக் கைகாட்டுவது குலுக்கல் சீட்டு எடுப்பது மாதிரி. விழுந்தாலும் பெருமையில்லை, விழாவிட்டால் எரிச்சல். இந்த வகைக் கதையைக் கணக்குப் பார்ப்பதுபோல வாசிக்க வேண்டும். உங்கள் ஊருக்கு இதை விளக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் பார்க்க, போனவர்களின் கடையில் அன்றன்று நடந்தது குறிப்பில் ஏறும். அதிலிருந்து பெயர்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். கடைசியில் எல்லாவற்றையும் மொத்தமாக ஒத்துப்பார்க்கும் ஐந்தொகை போட்டால் பற்றும் வரவும் நேராக வேண்டும். ஒரு பைக்காசு இடித்தாலும் எங்கே இடிக்கிறது என்று தேடாமல் கணக்கை மூட மாட்டார்கள். துப்பறியும் நாவலாசிரியர் நம் கையில் தருவது குறிப்பேடு மட்டும். நடந்தது, பேசியது, பார்த்தது எல்லாம் நாள் வரிசையில் கலந்து கிடக்கும். அதைப் பேரேடாகப் பிரிப்பது நம் வேலை. கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துப் படிப்பதுதான் ஐந்தொகை. நீங்கள் பேரேடே எழுதாமல் ஐந்தொகைக்கு வந்துவிடுகிறீர்கள். அதனால்தான் அது திடீரென்று எங்கிருந்தோ குதித்த மாதிரி இருக்கிறது.

ஆசிரியர் நேர்மையாகக் குறிப்பெழுத வேண்டும் என்பதற்கு எழுதிய விதிகளே உண்டு. 1928இல் அமெரிக்காவின் எஸ்.எஸ். வான் டைன் இருபது விதிகளை வெளியிட்டார். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் பத்துக் கட்டளைகள் எழுதினார். 1930இல் லண்டனில் டிடெக்‌ஷன் கிளப் என்று எழுத்தாளர்கள் சங்கம் ஒன்று அமைத்தார்கள், ஜி.கே. செஸ்டர்டன் முதல் தலைவர். தெய்வச் செயலையும் தற்செயலையும் காட்டித் தப்பிக்க மாட்டோம் என்று அதில் சேர்பவர்கள் சத்தியம் செய்தார்கள். நாக்ஸின் பத்தில் வாசகருக்கு நேரடியாக உதவுபவை நான்கு. குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. துப்பறிபவர் கண்ட தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும். அவருடைய தோழர் தன் மனத்தில் தோன்றியதை மறைக்கக் கூடாது; அந்தத் தோழரின் அறிவு சராசரி வாசகருடையதைவிட மிக மிகக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். முதல் விதி ஒன்றே போதும், பாதி வேலை முடிந்துவிடும். நாவலின் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் பெயரோடு வந்தவர்களை எழுதிக்கொண்டால், அதற்குப் பிறகு நுழைகிற மர்ம மனிதர்களை நம்பி நேரம் கழிக்க வேண்டாம். விதியை வேண்டுமென்றே மீறிய நல்ல கதைகளும் இருக்கின்றன. அவற்றைப் பிறகு வாசிக்க வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பேரேடு எழுத நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கொலை நடக்கும்வரை எதுவும் எழுத வேண்டாம், கதையாகவே வாசியுங்கள். கொலை விழுந்த இடத்தில் நிறுத்தி, முதல் பக்கத்துக்குத் திரும்பி ஒருமுறை வேகமாகப் புரட்டுங்கள். பெரும்பாலோர் கொலைக்குப் பிறகுதான் கண்ணைத் திறக்கிறார்கள். ஆசிரியருக்கு அது தெரியும். ஆகவே மிக முக்கியமான வரவைக் கல்யாணப் பேச்சும் சாப்பாட்டு உபசாரமுமாக ஓடுகிற தொடக்கப் பக்கங்களிலேயே வைத்துவிடுவார்.

நோட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம். இடப்பக்கம் அவர் தம்மைப் பற்றிச் சொன்னது, வலப்பக்கம் மற்றவர்கள் அவரைப் பற்றிச் சொன்னதும் ஆசிரியர் தாமே காட்டியதும். "ஒன்பது மணிக்கு நான் மாடியில் இருந்தேன்" என்று ஒருவர் சொன்னால் அது இடப்பக்கத்தில் மட்டும் ஏறும். வேறொருவர் பார்த்திருந்தாலோ, ஆசிரியரே காட்டியிருந்தாலோ வலப்பக்கம் நிரம்பும். வலப்பக்கம் காலியாக இருக்கிற வரியெல்லாம் இன்னும் வசூலாகாத கடன். பாதிப் புத்தகத்தில் நோட்டைப் பார்த்தால், எல்லோரும் உண்மை என்று ஏற்றுக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று ஒரே ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி நிற்பது தெரியும். அதைப் பிடித்து இழுங்கள்.

இதைத் தவிரக் கடைசிப் பக்கத்தில் நேர வரிசை ஒன்று. நிமிடக் கணக்கு வரும் கதைகளில் இது இல்லாமல் நகர முடியாது. டோரதி சேயர்ஸின் 1931ஆம் ஆண்டு நாவலான ஃபைவ் ரெட் ஹெரிங்ஸ் ஸ்காட்லாந்து ரயில் நேர அட்டவணைகளையே நம்பி நடக்கிறது; ஆறு ஓவியர்கள்மேல் சந்தேகம். கடிகாரத்தை வைத்து ஒருவர் நேரம் சொன்னால் அது யாருடைய கடிகாரம், அதைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கோயில் மணி, ரயில் சத்தம் மாதிரி யாரும் திருப்பி வைக்க முடியாத நேரங்களை அடிக்கோடிட்டு வையுங்கள். மற்ற நேரங்களையெல்லாம் இவற்றோடு உரசிப் பார்க்க வேண்டும்.

தடயத்தை ஒளிப்பதுதான் இந்தக் கலையின் உயிர். ஆசிரியர் எதையும் மறைக்கக் கூடாது, ஆனால் நாம் கவனிக்கவும் கூடாது. இரண்டையும் அவர் ஒரே வாக்கியத்தில் சாதிக்க வேண்டும். நம் ஊர் வீட்டிலேயே ஒரு சின்னக் காட்சியை எழுதிப் பார்ப்போம்.

"பெரியவர் அறைக் கதவு உள்தாழ் போட்டிருக்கு என்றார் வள்ளி ஆச்சி. கொண்டுவந்த கூஜாவையும் இரண்டு வெள்ளி டம்ளரையும் பனையோலை விசிறியையும் வாசற்படியில் வைத்துவிட்டு இரண்டாங்கட்டுக்குப் போனார். பட்டாலைக் கூடத்தில் கணக்குப்பிள்ளை தூங்கி வழிந்துகொண்டிருந்தார். ஆளில்லாத ஊஞ்சல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மேலே மாடத்தில் புறா சிறகடித்தது. அந்த நேரம் பார்த்துப் பின்கட்டில் அண்டா ஒன்று படீரென்று விழ, வீடே அங்கே ஓடியது."

ஆறு வாக்கியத்துக்குள் நான்கு வரவுகள் இருக்கின்றன. காற்றில்லாத கூடத்தில் ஆளில்லாத ஊஞ்சல் ஆடினால் யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார். கணக்குப்பிள்ளை உண்மையாகவே தூங்கினாரா என்ற கேள்வி இதிலிருந்து பிறக்கும். ஆனால் கணக்குப்பிள்ளை, ஊஞ்சல், புறா என்ற பட்டியலின் நடுவில் ஊஞ்சல் உட்கார்ந்திருக்கிறது. பட்டியலின் முதலும் கடைசியும் மனத்தில் நிற்கும், நடுவில் இருப்பது நழுவும். டம்ளரும் அப்படித்தான்: பெரியவர் தனியாக இருப்பதாக வீடே நம்பும்போது ஆச்சி ஏன் இரண்டு டம்ளர் கொண்டுவந்தார்? அதுவும் நடுப்பொருள். மூன்றாவது, கதவு தாழிட்டிருப்பதாகச் சொன்னது ஆச்சி. ஆசிரியர் சொல்லவில்லை. இடப்பக்கக் கணக்கு. நான்காவது அண்டா. அது ஏன் விழுந்தது என்பது இருக்கட்டும். அது விழுந்ததால் வாசகரும் பின்கட்டுக்கு ஓடிவிட்டார், முந்தின வரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தடயம் சொன்ன மறுவரியில் ஓசை, சண்டை, அழுகை ஏதாவது வைப்பது இந்தக் கலையில் மிகப் பழைய உத்தி. ஆகவே நாவலில் ஏதாவது படீரென்று நடக்கும்போதெல்லாம் ஒரு பத்தி பின்னால் போங்கள். இந்த ஒரு பழக்கம் வேறெதையும்விட அதிகம் பலன் தரும்.

இன்னும் சில ஒளிவிடங்கள் உண்டு. யாரும் மதிக்காத ஆளின் வாயில் உண்மையை வைப்பது: வம்பு பேசும் கிழவி, குடிகாரர், சின்னப் பையன். தடயத்தைக் கண்ணெதிரே காட்டிவிட்டுத் தவறான அர்த்தம் ஒன்றை உடனே கொடுத்துவிடுவது; கருகிய காகிதத்தைக் கண்டதும் ஒருவர் "கடிதத்தை எரித்திருக்கிறார்கள்" என்பார், பிறகு எல்லோரும் கடிதத்தையே தேடுவார்கள், அது கடிதம்தானா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பிறகு, இல்லாததைத் தடயமாக்குவது. குரைக்க வேண்டிய நாய் குரைக்கவில்லை என்று 1892இல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையொன்றில் வந்தது இன்றுவரை பேசப்படுகிறது. இல்லாததைக் கண்டுபிடிக்க நோட்டுதான் வழி: நடந்திருக்க வேண்டிய எது நடக்கவில்லை என்று ஒவ்வோர் ஆளின் பக்கத்திலும் கேட்டுப் பாருங்கள்.

தமிழில் வாசிக்கும்போது ஒரு தனிச் சிக்கலும் தனிச் சுகமும் இருக்கின்றன. சுருக்கப்பட்ட மொழிபெயர்ப்பைத் தவிருங்கள். சுருக்குபவர் கதைக்குத் தேவையில்லாதது என்று வெட்டுவது அறைச் சாமான்களின் பட்டியலையும் சாப்பாட்டுப் பேச்சையும்தான். தடயம் குடியிருப்பதும் அங்கேதான். முடிவு அப்படியே இருக்கும், அதற்கு வழி மட்டும் காணாமல் போயிருக்கும். உங்களுக்கு வந்த ஏமாந்த உணர்வில் ஒரு பங்கு இதனால்கூட இருக்கலாம். முழு மொழிபெயர்ப்பிலும் உறவுப் பெயர் இடறும். ஆங்கிலத்தில் அங்கிள் என்றால் சித்தப்பாவா, மாமாவா, பெரியப்பாவா என்று தெரியாது. சொத்து யாருக்குப் போகும் என்பதில் கதை நிற்கும்போது ஆசிரியர் அந்தக் குழப்பத்தையே பயன்படுத்தியிருப்பார். மொழிபெயர்ப்பாளர் மாமா என்று எழுதிய கணமே பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும்.

ஆனால் மறைக்கவும் தமிழுக்குத் தெரியும். அவன், அவள் என்றால் ஆணா பெண்ணா என்பது வெளிப்பட்டுவிடும். வந்தார், வந்தவர் என்றால் வெளிப்படாது. செட்டிநாட்டுப் பேச்சு இன்னும் ஒரு படி மேலே. "பெரியவுக வந்தாக, போயிட்டாக" என்று வேலைக்காரர் சாட்சி சொன்னால் வந்தது ஆணா பெண்ணா, ஒருவரா இருவரா என்று எதுவும் பிடிபடாது. கேட்கிற போலீஸ்காரர் தம் மனத்தில் இருக்கும் ஆளை அதில் பொருத்திக்கொள்வார். ஆச்சி என்றால் எந்த ஆச்சி? அக்காளும் ஆச்சி, பக்கத்து வீட்டு அம்மாளும் ஆச்சி. ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு முழு நாவலை இந்த ஒரு சாட்சியத்தில் நிறுத்தலாம். உங்கள் கூட்டத்தில் யாருக்காவது எழுதும் ஆசை இருந்தால் இந்த இடத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

எழுதுவதற்கான மேடையும் உங்களிடமே இருக்கிறது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடு. நேர்கோட்டில் வாசல்கள், நடுவே வானம் பார்த்த முற்றம், வளவைச் சுற்றிப் புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஒன்றாகப் பூட்டும் சாவியும் உள்ள அறைகள். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக்கிடந்து, கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் மட்டும் பங்காளிகள் எல்லோரும் ஒரே நாளில் வந்து இறங்குகிற வீடு. வெளியாள் வர முடியாத இடம், ஒரே இரவு, ஒரே சொத்தில் பங்குள்ள பலர்: ஆங்கில நாவலாசிரியர்கள் பனி பெய்யவைத்தும் தீவுக்குப் படகு வராமல் நிறுத்தியும் உண்டாக்கிய சூழ்நிலை இங்கே இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஜப்பானில் செய்ஷி யோகோமிஸோ 1946இல் எழுதிய ஹோன்ஜின் நாவலில் மேல்நாட்டு மாளிகையைக் கடன் வாங்கவில்லை. தங்கள் கிராமத்துப் பெரிய குடும்பத்து வீட்டையும் அதன் மரச்சட்டங்களையும் கல்யாணச் சடங்கையுமே முடிச்சுக்குள் கொண்டுவந்தார். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். மேல்நாட்டு நாவலில் டாக்டர் உடம்பின் விறைப்பைப் பார்த்துச் சொல்லும் இறப்பு நேரம் குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெயிலில் விறைப்பு சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் விடும், உடம்பு குளிர்வதோ மெதுவாகத்தான். சித்திரை மாதத்துக் கொலைக்கு லண்டன் மணிக்கணக்கை எழுதினால் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

பூட்டிய அறைக் கொலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், முதலில் தடுமாற வைப்பது அதுதான். இந்த வகைக் கதையே அதில்தான் தொடங்கியது. எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய பாரிஸ் கதையில் அறை பூட்டியிருந்தது. இஸ்ரேல் ஸாங்வில் 1892இலும் காஸ்டன் லெரூ 1907இலும் அதை முழு நாவலாக வளர்த்தார்கள். ஜான் டிக்ஸன் கார் அதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். அவருடைய 1935ஆம் ஆண்டு நாவலான த ஹாலோ மேனில் 17ஆம் அத்தியாயம் முழுக்கத் துப்பறிபவர் பூட்டிய அறைத் தந்திரங்களை வகை பிரித்துப் பிரசங்கம் செய்கிறார். இப்படி ஒரு கதை வந்தால் "எப்படி உள்ளே போனான்" என்று மண்டையை உடைக்க வேண்டாம். கேள்வியை நேரத்துக்கு மாற்றுங்கள். பூட்டு விழுந்த நேரம் எது, உயிர் போன நேரம் எது, கதவை உடைத்த நேரம் எது? இந்த மூன்றும் நாம் நினைத்த வரிசையில்தான் நடந்தனவா? நடந்தன என்றால், கொன்றவர் உள்ளே இருந்தே ஆக வேண்டுமா? இருந்தார் என்றால், பூட்டியிருந்தது என்று முதலில் சொன்னவர் யார், அதை வேறு யாராவது சரிபார்த்தார்களா? இந்த மூன்று கேள்வியில் ஒன்று எங்காவது வழிவிடும். ரகசிய வழி என்று ஆசிரியர் முடித்துவிட்டால் அந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்யலாம், ஜான் டிக்ஸன் கார் எழுதிய தரத்தில் அதற்கு இடமில்லை.

எதிலிருந்து தொடங்குவது? எல்லோரும் ஹோம்ஸ் என்பார்கள். 56 சிறுகதைகளும் 4 நாவல்களும் கொண்ட அந்த வரிசை இனிமையானதுதான், ஆனால் கணக்குப் பார்த்துப் பழக அது சரியான ஏடு அல்ல. ஹோம்ஸ் கீழே குனிந்து எதையோ எடுத்துப் பார்ப்பார், என்னவென்று வாட்ஸனுக்குச் சொல்ல மாட்டார், கடைசியில்தான் சொல்வார். வாசகருக்குச் சம பங்கு என்ற ஒழுங்கு அதற்கு அடுத்த தலைமுறையில், 1920களில்தான் உறுதிப்பட்டது. ஹோம்ஸை வியப்புக்கு வாசியுங்கள், நோட்டு வேண்டாம்.

தமிழிலும் இந்த மரபு வயதானது. பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் கதைகள் 1894இல் வந்தன. ஜே.ஆர். ரங்கராஜுவின் ராஜாம்பாள் 1908. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவி நிறைய எழுதினார்கள். இந்தக் காலத்துப் புத்தகங்களைத் தேடுவோர்க்குச் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதல் இடம். அந்தச் சேகரத்தின் வேர் உங்கள் பக்கத்துக் கோட்டையூர். சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். பிறகு சுஜாதாவின் கணேஷ்–வசந்த், அப்புறம் மாத நாவல்களின் பெருக்கம். இவற்றில் பெரும்பாலானவை விறுவிறுப்புக்காக எழுதப்பட்டவை. அடுத்து என்ன ஆகும் என்பதே அவற்றின் கேள்வி. யார், எப்படி என்று தடயம் பொறுக்கிப் போகிற கதை வேறு சாதி. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒன்றைக் குறைசொல்வது நியாயமில்லை. நோட்டு எடுத்துக்கொண்டு விறுவிறுப்புக் கதையை வாசித்தால் அலுப்புதான் மிஞ்சும்.

உங்கள் முதல் மாதத்துக்குப் புத்தகமே வேண்டாம். ஏவி.எம். தயாரித்து 1954இல் வந்த அந்த நாள் படத்தைப் பாருங்கள். எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுத்து, பாட்டே கிடையாது. 1943இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயத்தில் ரேடியோ என்ஜினியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். வீட்டிலுள்ளோரும் வெளியாரும் ஒவ்வொருவராகத் தங்கள் கோணத்தில் நடந்ததைச் சொல்கிறார்கள். இடப்பக்கம், வலப்பக்கம் என்று எழுதிப் பழக இதைவிடத் தோதான பாடம் இல்லை. ஏவி.எம்.மின் மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர் என்பது உங்கள் வளவில் பார்ப்பதற்கு இன்னொரு நியாயம். எல்லோர் சாட்சியும் முடிந்த இடத்தில் படத்தை நிறுத்தி, ஆளுக்கொரு சீட்டில் பெயரையும் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாம் மாதம் அகதா கிறிஸ்டியின் ஃபைவ் லிட்டில் பிக்ஸ், 1942. பதினாறு வருஷத்துக்கு முந்தின கொலை. ஓடிப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை, ஐந்து பேரின் நினைவு மட்டும். ஒரே நாளை ஐவரும் எழுதித் தருகிறார்கள்; ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பதுதான் முழு வேலை. கிறிஸ்டியின் புத்தகங்களில் கணக்காகப் பார்த்தால் இதுவே மிகச் சுத்தமானது என்பது என் தீர்ப்பு. மூன்றாவது மாதம் எல்லரி குவீனின் தொடக்க நாவல் ஏதாவது ஒன்று. 1929இல் அந்தப் பெயரில் எழுதத் தொடங்கிய இரு உறவினர்கள் முடிவுக்கு முன் கதையை நிறுத்தி, "எல்லாத் தடயமும் இப்போது உங்கள் கையில், விடையைச் சொல்லுங்கள்" என்று வாசகருக்குச் சவால் விடுவார்கள். எங்கே நிறுத்துவது என்ற தலைவலி உங்களுக்கு இருக்காது. நான்காவது, ஆண்டனி பெர்க்லியின் பாய்சன்ட் சாக்லேட்ஸ் கேஸ், 1929. ஆறு பேர் கொண்ட சங்கம் ஒன்று ஒரே கொலைக்கு ஆளாளுக்கு ஒரு விடை சொல்லும் கதை இது. உங்கள் கூட்டத்தையே கண்ணாடியில் பார்ப்பது போலிருக்கும். ஒரே தடயத்தை எத்தனை விதமாகப் பேரேட்டில் ஏற்றலாம் என்று தெரிந்து திகைப்பீர்கள். ஐந்தாவது, மேலே சொன்ன ஜான் டிக்ஸன் காரின் த ஹாலோ மேன். அதன் 17ஆம் அத்தியாயத்தைத் தனியே எடுத்து முன்னால் வாசிக்க வேண்டாம், வேறு கதைகளின் உத்திகளையும் தொட்டுப் பேசுகிறது.

கிறிஸ்டியின் 1926ஆம் ஆண்டு ரோஜர் அக்ராய்ட் நாவலையும், 1934இல் வந்த ரயில் கதையான மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸையும், 1939இல் வந்த தீவுக் கதையான அண்ட் தென் தேர் வேர் நன்னையும் ஆறாவது மாதத்துக்கு மேல் தள்ளுங்கள். புகழ் அதிகம் என்பதால் எல்லோரும் முதலில் அவற்றைத்தான் எடுப்பார்கள். மூன்றும் வாசகரின் பழக்கத்தோடு விளையாடுபவை. பழக்கம் வராத வாசகருக்கு அந்த விளையாட்டு புரியாது, அதிர்ச்சி மட்டும்தான் மிஞ்சும். இவற்றின் முடிவைக் கூட்டத்தில் ஏற்கெனவே தெரிந்தவர் இருந்தால் அவர் அந்த மாதம் வாயைத் திறக்காமல் நேரம் காக்கும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.

கூட்டத்தை மாதம் இரண்டு அமர்வாக வையுங்கள். ஒரே அமர்வு என்றால் எல்லோரும் முடிவைத் தெரிந்துகொண்டு வருவார்கள், பேச்சு செத்துப்போகும். முதல் அமர்வுக்கு நாவலின் முக்கால் பாகம் மட்டும். துப்பறிபவர் "இப்போது தெரிந்துவிட்டது" என்று சொல்லும் இடம், அல்லது எல்லோரையும் கூட்டுகிற அத்தியாயத்துக்கு முந்தின பக்கம். ஒருவர் முன்னரே அந்த எல்லையைப் பார்த்து, எல்லோர் பிரதியிலும் அதற்குப் பின்னால் உள்ள பக்கங்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடலாம். ஒரு நாவலை மூன்று நான்கு நாளுக்குள் வாசிக்கச் சொல்லுங்கள். மாதம் முழுக்க இழுத்தால் பதினைந்தாம் பக்கத்து ஊஞ்சல் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வந்ததும் வேலையைப் பிரியுங்கள். இருவருக்கு நேர வரிசை, ஒருவருக்கு வீட்டுப் படம், ஒருவருக்குப் பொருள்கள், மற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பாத்திரங்களின் பக்கம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கட்டம் கட்டமாக இருப்பதால் வீட்டுப் படத்தைச் சாக்பீஸில் தரையிலேயே போடலாம். ஒரு கல் இத்தனை அடி என்று வைத்துக்கொண்டால் "மாடியிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு நிமிடத்தில் போக முடியுமா" என்ற சண்டை நடந்தே தீர்ந்துவிடும். அமெரிக்க நாவலில் ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்றால் தரைத்தளம், பிரிட்டிஷ் நாவலில் நம்மைப் போல முதல் மாடி. இதைக் கவனிக்காமல் படம் போட்டால் எல்லாமே ஒரு தளம் தவறும். பழைய பிரிட்டிஷ் பணத்தில் ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். உயிலும் வரவுசெலவும் வரும் கதைகளில் இதுவும் கைக்கு வேண்டும்.

பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவரும் சீட்டில் மூன்று வரி எழுத வேண்டும்: யார், எப்படி, எந்தப் பக்கத்துத் தடயத்தால். மூன்றாவது வரி இல்லாத சீட்டு செல்லாது. "இவர்மேல்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அதனால் இவர்" என்று எழுதுவது இந்த வாசிப்பில் வரும் மிகப் பெரிய கெட்ட பழக்கம். பல தடவை அது பலிக்கவும் செய்யும், அதுதான் ஆபத்து. பலித்துவிட்டால் தடயம் பார்க்கும் கண் வளராது. "இவரால் மட்டுமே முடியும், மற்றவர்களால் இந்தக் காரணத்தால் முடியாது" என்று எழுதப் பழகுங்கள். சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டி, சாவியை அன்று வராதவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் அமர்வு ஒரு வாரத்துக்குள். கடைசி அத்தியாயத்தை ஒருவர் வாய்விட்டு வாசிக்கட்டும். துப்பறிபவர் ஒரு தடயத்தைச் சொன்னதும் நிறுத்தி, அது முன்னால் எந்தப் பக்கத்தில் வந்தது என்று தேடிப் பென்சிலால் குறியுங்கள். கரும்பலகையில் மூன்று பத்தி: வந்தது, கண்டது, விட்டது. விட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஏன் கண் தவறியது என்று எழுதுங்கள். பட்டியலின் நடுவில் இருந்ததா, சத்தம் கேட்டு ஓடினோமா, சொன்னவரை நாம் மதிக்கவில்லையா? நான்கைந்து நாவல் ஆனதும் உங்கள் ஒவ்வொருவருக்கும் எந்த வகை ஒளிவிடம் பலவீனம் என்று தெரிந்துவிடும். சிலர் நேரத்தில் தவறுவார்கள், சிலர் அழுகிற பெண்ணை உடனே நம்பிவிடுவார்கள். முன்னால் எங்குமே வராத ஒன்றைத் துப்பறிபவர் கடைசியில் எடுத்து நீட்டினால் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் கோடிடுங்கள். அது ஆசிரியரின் கள்ளக்கணக்கு, அங்கே தோற்றது நீங்கள் இல்லை. சிவப்புக் கோடு இரண்டுக்கு மேல் விழுந்த ஆசிரியரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

அதன்பிறகு டப்பாவைத் திறந்து சீட்டுகளை வாசியுங்கள். பெயரைச் சரியாக எழுதியவரைவிட, பெயர் தவறினாலும் அதிகத் தடயங்களைப் பக்க எண்ணோடு பிடித்தவருக்கே அந்த மாதத்துக் கந்தரப்பப் பலகாரத்தில் முதல் தட்டு போக வேண்டும். எல்லாம் முடிந்ததும் முதல் அத்தியாயத்தின் முதல் பத்துப் பக்கங்களை மட்டும் இன்னொரு முறை சேர்ந்து வாசியுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. முன்பு வெறும் உபசாரப் பேச்சாகத் தெரிந்த வரிகளில் யார் எதைத் தெரிந்துகொண்டு பேசினார்கள் என்பது இப்போது கேட்கும். இதற்காகவே அந்த நோட்டைத் தூக்கிப் போடாமல், அடுத்த நாவலுக்குப் புதுப் பக்கம் பிரியுங்கள்.